முனிரத்தினம் உட்கார்ந்திருந்த வாசல்

தும்பைப்பட்டியை அணைத் தண்ணீர் மூடுவதற்கு முந்தின நாள், ஒரு புதன்கிழமை உச்சிவெயிலில், ஊருக்கு மேற்கே இருந்த பொட்டலிலிருந்து, நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் சண்டையில் செத்துப்போன நானூற்றுப் பன்னிரண்டு பேர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, லாரியிலும் மாட்டுவண்டியிலும் கட்டிலையும் அண்டாவையும் ஏற்றிக்கொண்டிருந்த சனங்களிடம், நீங்கள் விட்டுவிட்டுப் போகிற வீடுகளில் நாங்கள் குடியிருந்துகொள்ளலாமா என்று கேட்டார்கள்.

யாரும் கூச்சல் போடவில்லை. அந்தப் பொட்டலை உழுதபோதெல்லாம் பித்தளைப் பொத்தானும் குண்டும் தாடை எலும்பும் கிளம்பிவந்து, அதையெல்லாம் பொறுக்கி வரப்போரம் குவித்துவைத்துவிட்டு மறுபடி ஏர் பிடித்துப் பழகிய சனங்கள் அவர்கள். தவிர, ஊரையே தூக்கிக்கொண்டு போகிற அவசரத்தில் இருந்தவர்களுக்கு ஆச்சரியப்பட நேரமும் இல்லை. வந்தவர்களில் பாதிப்பேர் பாளையக்காரர் பக்கம், மீதிப்பேர் வெள்ளைக்காரத் துரையின் படை. ஒருவரையொருவர் குத்திக் கொன்றவர்கள், இத்தனை வருஷம் ஒரே குழியில் தோளோடு தோள் கிடந்ததில் சண்டையை மறந்து, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவோரம் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்காகப் பேசியவர் ஒற்றைக் கை போன ஒரு பாளையத்து வீரர்.

"எங்களை எரிக்கவும் இல்லை, ஒழுங்காப் புதைக்கவும் இல்லை. மழையிலயும் வெயிலயும் திறந்த வெளியில கிடந்தாச்சு. இனிமே தண்ணியிலயும் கிடக்கணுமாம். உங்க வீடு எப்படியும் சும்மாத்தான கிடக்கப்போகுது தாயி" என்றார்.

செக்குக்காரர் வீட்டு மருமகள் சீனித்தாய்தான் முதலில் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "ஆள் புழங்காத வீடு சீக்கிரம் விழுந்துரும்யா. நீங்களாவது இருங்க. கொல்லைக் கதவு இறுக்கம், முழங்காலக் கொடுத்துத் தள்ளணும்" என்றாள். அதன்பிறகு ஊரே கொடுத்தது. தெரு முழுக்க, போகிறவர்கள் வருகிறவர்களுக்கு வீட்டைச் சொல்லிக்கொடுக்கும் சத்தமாக இருந்தது. மூன்றாவது படி ஆடும், அடுப்படியில் தலை இடிக்கும், சாம்பல் நிறப் பூனை வந்தால் விரட்டாதீர்கள், மாடக்குழியில் திரி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, செத்தவர்கள் புது மருமகனைப்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். யார் உள்ளே வா என்று தன் வாயால் கூப்பிட்டுச் சாவியைத் தன் கையால் கொடுக்கிறார்களோ அந்த வீட்டில்தான் அவர்களால் நுழைய முடிந்தது. கூப்பிடாத வீட்டு வாசலில் அவர்களுக்குக் கால் எழும்பவே இல்லை.

வடக்குத் தெருவில் கடைசி வீடு செண்பகவடிவுடையது. அவளுடைய அப்பா கட்டி அவள் பேருக்கு எழுதிவைத்த வீடு. அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியபோது வாசலில் முப்பது வயதிருக்கும் ஒரு ஆள், சாயம்போன சிவப்புச் சட்டையோடு, நெஞ்சில் குத்துப்பட்ட இடத்தை ஒரு கையால் மறைத்தபடி நின்றிருந்தான்.

"எம்பேரு முனிரத்தினம், அம்மா. ஆற்காட்டுப் பக்கம். எல்லாத்துக்கும் வீடு கெடைச்சிட்சி. நான்தான் மிச்சம்" என்றான்.

"நீ எந்தப் படை?" என்றாள் வடிவு.

"துரை படைதான். பஞ்சத்துல சேந்தேன். யாருக்கும் யாருக்கும் சண்டைன்னுகூட அப்பத் தெரியாது."

"வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி தூக்குன ஆளுக்கு என் வீட்ல எடமில்ல. போ."

பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் குருநாதன் நிமிர்ந்து பார்த்தான். "வடிவு, ஊரே குடுத்துருச்சு. இத்தன வருஷம் கழிச்சு எந்தப் படையா இருந்தா என்ன? பாவம், ஒரு ஆள் உள்ள இருக்கட்டுமே" என்றான்.

"நீங்க பேசாம இருங்க" என்றாள் அவள்.

படை ஒரு சாக்குதான் என்பது அவளுக்கும் தெரியும், குருநாதனுக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டரை வயதில், மூன்று நாள் காய்ச்சலில் அவர்களுடைய ஒரே பிள்ளை வள்ளிமயில் அந்த வீட்டில்தான் கண்ணை மூடினாள். பால் மறக்காத பிள்ளைகளை எரிக்கிற வழக்கமில்லை என்பதால், அவளைப் பச்சைப் பாவாடையோடு கொல்லையில் கிணற்றடிப் பக்கம் புதைத்திருந்தார்கள். நடுவீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு அவளுடைய மஞ்சள் கைத்தடம் ஏழெட்டு இருந்தது. அதன்மேல் வெள்ளையடிக்க வடிவு யாரையும் விட்டதில்லை. அந்தத் தரையில் வேறு ஒரு கால் நடப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை வாசலில் நிற்கிற அந்நியனிடம் சொல்ல முடியாமல் சண்டையை இழுத்து நடுவில் போட்டாள்.

முனிரத்தினம் கோபித்துக்கொள்ளவில்லை. "செரிம்மா. வாசல்ல ஒக்காந்துக்கறேன். அதுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். அவள் வண்டியில் ஏறிவிட்டாள். வண்டி திரும்பும்போது குருநாதன் மட்டும் பின்னால் பார்த்தான். அந்த ஆள் கடைசிப் படியில், பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். மறுநாள் தண்ணீர் வந்தது.

*

நாற்பது மைல் தள்ளி அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனியில் எல்லாரும் குடியேறினார்கள். குருநாதன் சைக்கிள் கடை வைத்தான். வடிவு சாவியைக் கொண்டுபோய் அரிசிப் பானையின் அடியில் புதைத்துவைத்தாள். அரிசி தீருகிற நாளில் அது கண்ணில் படும். அன்றைக்கு அவள் யாரோடும் பேசமாட்டாள் என்பதால், குருநாதன் பானையில் அரிசி தீராமல் பார்த்துக்கொண்டான். அவளுக்கு மறுபடி பிள்ளை தங்கவில்லை.

தண்ணீருக்குள் போனவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அணையில் தண்ணீர் வற்றி இறங்குகிற சமயத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் கரையேறி வந்தார்கள். வீட்டுக்காரர்களிடம் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவதற்கு. முதல் வருஷம் எட்டுப் பேர்தான் காலனியிலிருந்து போனார்கள். அடுத்த வருஷம் ஒரு லாரி நிறையப் போனார்கள். அதன்பிறகு அது கோவில் கொடைத் திருவிழாபோல நிலைத்துவிட்டது. பஸ்காரர் அன்றைக்கு ஒரு தனி வண்டி விட்டார். சனங்கள் புது வேட்டி, வெற்றிலை, மூக்குப்பொடி, ஒட்டடைக் கம்பு, சுண்ணாம்புச் சிப்பம் என்று கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். உத்தரம் விரிசல் விட்டிருக்கிறது, மாடிப்படியில் பாசி, கெண்டைமீன் ஒன்று தொட்டிலில் முட்டையிட்டிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று செத்தவர்கள் கேட்க, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று உயிரோடிருப்பவர்கள் சொல்லிவிட்டு வந்தார்கள்.

எழுபத்து நாலில் அரசாங்கம் அந்தக் கரையை வளைத்து, போர்க்கள நினைவுப் பூங்கா என்று ஆக்கியது. உண்மையான களம் தண்ணீருக்கு அடியில் இருந்ததால், கரைமேட்டில் சிமெண்டில் இரண்டு பீரங்கியும், ஒரு காலைத் தூக்கிய குதிரையும், தண்ணீர் வராத ஒரு நீரூற்றும், சறுக்கு மரமும், தலைவர்கள் பெயர் பொறித்த கல்லும் வைத்தார்கள். அந்தக் கல்லில் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. வருஷத்தில் ஒருநாள் ஏரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டா என்று வாயிற்காவலர் மேலே எழுதிக் கேட்டார். வாயில் வழியாக வருகிறவர்களுக்குத்தான் சீட்டு என்று பதில் வந்தது. கரையோரம் பன்னிரண்டு சிமெண்டு பெஞ்சு போட்டு, ஈரமான பெஞ்சுகளில் பொதுமக்கள் அமர வேண்டாம் என்று பலகை மாட்டினார்கள். ஒருமுறை கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, அந்தச் சண்டையில் கடைசியில் யார் ஜெயித்தது என்று ஒற்றைக் கைக்காரரிடம் கேட்டார். "அதுக்கு முன்னாடியே நாங்க செத்துட்டமே ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் அவர். அதிகாரி எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்.

இதெல்லாம் வடிவுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கினால் அவள் வாசல் கதவைச் சாத்திவிடுவாள். தும்பைப்பட்டியைப் பற்றி என் காதில் போடாதீர்கள் என்று முதல் வருஷமே சொல்லிவிட்டாள். அதனால் காலனிப் பெண்கள் குழாயடியில் பூங்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் குடத்தோடு வந்தால், சட்டென்று வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தன் மனம் நோகக்கூடாது என்று செய்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். குருநாதன் அந்த நாளில் சைக்கிள் சாமான் வாங்க மதுரைக்குப் போவான். டியூபும் பிரேக் கட்டையும் வாங்கிக்கொண்டு பொழுது சாய வருவான். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று அவள் கேட்டதில்லை. முப்பத்து நாலு வருஷம் கேட்டதில்லை.

தொண்ணூற்றைந்து தை மாதம் குருநாதனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஒரு வாரம் படுத்திருந்தார். கடைசி நாள் காலையில் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பங்குனிக் கடைசி ஞாயிறு நீ பூங்காவுக்குப் போகணும் வடிவு. நாலாவது பெஞ்சு. சாவிய எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

"எதுக்குங்க?"

"போனாத் தெரியும். சொல்லியிருக்கணும். எனக்குத்தான் தைரியம் வரல." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "தண்ணியில மட்டும் எறங்கிராத. எனக்குச் சத்தியம் பண்ணு" என்றார்.

அவள் கையிலடித்துச் சத்தியம் செய்தாள். மத்தியானம் அவர் போய்விட்டார்.

*

பங்குனிக் கடைசி ஞாயிறு அவள் பானைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ்ஸில் ஏறியபோது, உள்ளே இருந்த பேச்சு மொத்தமும் ஒரே சமயத்தில் நின்றது. முன்சீட்டில் இருந்த சீனித்தாய் எழுந்து சன்னலோர இடத்தை அவளுக்கு விட்டாள். நாற்பது மைலும் யாரும் வாய் திறக்கவில்லை. குழாயடியில் தன்னைக் கண்டதும் வெயிலைப் பற்றிப் பேசிய அத்தனை வாய்களும் இன்றைக்கு வெயிலைப் பற்றிக்கூடப் பேசவில்லை என்பதை வடிவு கவனித்தாள். முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பூங்காவில் கூட்டமாக இருந்தது. எங்கிருந்தோ வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிமெண்டுக் குதிரையின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கல்லில் இருந்த பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். கீழே ஏரி, வெயிலில் தகடு அடித்ததுபோலக் கிடந்தது. அதற்குள் எந்த இடத்தில் தன் தெரு என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். கோவில் இருந்த திசையைக்கூட அவளால் பிடிக்க முடியவில்லை. முப்பத்து நாலு வருஷம் நினைக்காமலிருக்கப் பாடுபட்டது பலித்துவிட்டது என்று தோன்றியது.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். முதலில் தலைப்பாகைகள் தெரிந்தன, அப்புறம் தோள்கள், அப்புறம் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி, தத்தம் வீட்டுக்காரர்களைத் தேடிப் பெஞ்சுகளுக்குப் போனார்கள். அவர்களில் பலர் இடுப்பில் கைக்குழந்தைகளை வைத்திருந்தார்கள். வடிவு அதைப் பார்த்தாள். ஒற்றைக் கைக்காரர் தன் ஒரே கையில் ஒன்பது மாதப் பிள்ளை ஒன்றைத் தூக்கிவந்து சீனித்தாயின் மடியில் விட்டார். சீனித்தாய், பேரன் எடுத்தவள், அந்தப் பிள்ளையின் ஈரத் தலையை முகர்ந்து, "எஞ்சாமி, பல்லு இன்னும் மொளைக்கலையா?" என்றாள்.

செத்தவர்களைத் தும்பைப்பட்டியில் எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுவார்கள். மண்ணுக்குள் கிடந்தது பொட்டலில் விழுந்த படைக்காரர்களும், கொல்லைகளில் புதைத்த குழந்தைகளும் மட்டும்தான். தண்ணீர் வந்து மண் இளகியபோது அந்தக் குழந்தைகளும் எழுந்துவிட்டன. எழுந்த குழந்தைகளை அந்தந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இது காலனியில் எல்லாருக்கும் தெரியும். வடிவுக்கு மட்டும் அன்றைக்கு, அந்தப் புல்தரையில் நின்றபோதுதான் தெரிந்தது.

நாலாவது பெஞ்சில் முனிரத்தினம் தனியாக உட்கார்ந்திருந்தான். அன்றைக்குப் பார்த்த அதே முப்பது வயது. சட்டையின் சிவப்பு சுத்தமாகப் போய்விட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அவரு வரலியா?"

"தையில போய்ட்டாக."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நல்ல மனுசன்மா. வருஷம் தப்பாம வந்துக்கினு இருந்தாரு. ஒருநாளும் வெறுங்கையா வந்ததில்ல" என்றான்.

"எம்பிள்ள..." என்றாள் வடிவு.

"உள்ளதான் கீது" என்றான் அவன். "தண்ணி வந்த ஒன்பதாம் நாளு, உள்ள சின்னக் காலு நடக்கற சத்தம் கேட்டுச்சு. கதவாண்ட வந்து, யாரு அதுன்னு கேட்டுச்சு. நான் முனிரத்தினம்னேன். எங்கம்மா எங்கன்னுச்சு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. சந்தைக்குப் போயிருக்கு, வந்துரும்னு சொல்லிட்டேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈரம் புடவையில் ஏறியது.

"உங்க வூட்டுக்காரரு மொத தடவ வந்ததுமே இதச் சொன்னேன். மறு வருஷம் உங்களுக்குத் தெரியாம சாவிய எடுத்தாந்தாரு. நானும் வாங்கினு போய்ப் பூட்டுல வுட்டுப் பார்த்தேன். திரும்பல. நீங்க குடுக்காத சாவி எப்பிடித் திரும்பும்? மத்தவங்களும் முட்டிப் பார்த்தாங்க. யாருக்கும் வாசல் வழி வுடல. கொல்லைச் செவுத்துலயும் ஏற முடியல. அப்புறம் நான் இந்தப் பக்கம் கதவுல முதுக வெச்சி ஒக்காருவேன், அது அந்தப் பக்கம் முதுக வெச்சி ஒக்காரும். கத சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்ச பாட்டு மூணு. அதையே பாடுவேன். அவரு குடுக்கற முட்டாயி, வளையலு, ரிப்பனு எல்லாத்தையும் கதவுக்கு அடியில தள்ளிவுடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? அவுக ஏன் சொல்லல?"

"சொல்லுய்யா சொல்லுய்யான்னு வருஷா வருஷம் கெஞ்சினேம்மா. அவ கையால பூட்டுன கதவு, உள்ள பிள்ளை இருந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே ஏரியில எறங்கிடுவா, எனக்கு அவளும் இல்லாமப் போயிருவான்னாரு. நானும் அதுக்குமேல பேசல."

வடிவு அழவில்லை. அழுகிறதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்துச் சாவியை எடுத்தாள். அவன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான்.

"உள்ள போங்கண்ணே" என்றாள். "உங்க வீடு. அன்னைக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காதீக."

"அதெல்லாம் அன்னிக்கே வுட்டுட்டேன்மா. இங்கியே இருங்க, கொழந்தைய இட்டாறேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். கரையில் இருந்த மற்றவர்கள் அவன் கையில் சாவியைப் பார்த்தார்கள். ஒற்றைக் கைக்காரர் எழுந்து நின்றார், பிறகு ஒவ்வொருவராக எல்லாரும், பாளையத்து ஆட்களும் துரையின் ஆட்களும், அவர்கள் பக்கத்தில் இருந்த காலனிச் சனங்களும் எழுந்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் குதிரையிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று சத்தியம் செய்திராவிட்டால் வடிவு அந்த நேரத்தில் இறங்கியிருப்பாள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தன் பிள்ளை கதவுக்கு உள்பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். உலை வைத்தது, குழாயடியில் வரிசையில் நின்றது, திருவிழாவில் ராட்டினம் பார்த்தது, புருஷனோடு சண்டை போட்டது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, அந்த ஒவ்வொரு நாளிலும் ஒரு பூட்டிய கதவு இருந்தது.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் முனிரத்தினம் வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் வரும்போதே அவன் தோளில் பச்சைப் பாவாடை தெரிந்தது.

அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் போட்டு, தலையில் ஏழெட்டு நிறத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள் வள்ளிமயில். அதே நெற்றி. அதே, கொஞ்சம் மேலே தூக்கினாற்போலிருக்கும் உதடு. வடிவு எழுந்தாள். கை தானாக நீண்டது.

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"மாமா, இது யாரு?"

"இவங்கதான் கண்ணு உன்னோட..."

"எங்கம்மா சந்தைக்குப் போயிருக்கு" என்றது குழந்தை அவசரமாக, ஏதோ தட்டிப் பறிக்கப்போகிறார்கள் என்பதுபோல. "எங்கம்மாவுக்குக் கறுப்பு முடி. எங்கம்மா இது இல்ல." உதடு பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

குழந்தைக்கு இத்தனை வருஷமும் ஒரே ஒரு மத்தியானம். அம்மா காலையில் கூடையோடு போனவள், பொழுது சாய வந்துவிடுவாள். நான்தான் உன் அம்மா, வருவதற்கு முப்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது, கறுப்பு முடி போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார், கதவைப் பூட்டியவளும் நான்தான் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வடிவுக்கு நாக்கு வரவில்லை. அவள் சொல்லப்போகிறாள் என்று முனிரத்தினம் காத்திருந்தான். பெஞ்சுகளில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இல்ல தாயி, நான் அம்மா இல்ல" என்றாள் வடிவு. "நான் பக்கத்து வீடு."

குழந்தை பாதி முகத்தைத் திருப்பியது. "எங்கம்மாவப் பாத்தியா?"

"பாத்தேன். சந்தையில பாத்தேன். உனக்குச் சட்டை எடுத்துக்கிட்டு இருந்தா. வந்துக்கிட்டே இருக்கா."

"மிட்டாய் வாங்குனாளா?"

"வாங்குனா."

குழந்தை முனிரத்தினத்தைப் பார்த்து, நான் சொன்னேன் பார்த்தாயா என்பதுபோலச் சிரித்தது. பிறகு கீழே இறங்கி, சறுக்கு மரத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டது. வடிவு கூட்டிப்போய்க் காட்டினாள். மூன்று தடவை சறுக்கிற்று. மூன்று தடவையும் கீழே நின்று பிடித்தவள் வடிவுதான். அந்த உடம்பு கிணற்று நீர்போல ஜில்லென்றிருந்தது. நாலாவது தடவை காவலர் விசில் ஊதினார், பூங்கா மூடுகிற நேரம்.

"நான் செஞ்ச தப்புதாம்மா" என்றான் முனிரத்தினம் புறப்படும்போது மெல்ல. "மொத நாளே நெசத்தச் சொல்லியிருக்கணும்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலண்ணே" என்றாள் அவள். "பாத்துக்கோங்க. ராத்திரியில தலையில ஈரம் தங்காமத் துடைச்சுவிட..." என்று ஆரம்பித்து, எங்கே போகிறார்கள் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சீனித்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிக்கா சொல்றது? தினம் குழாயடியில உன் மொகத்தப் பாக்கும்போது நாக்கு நுனி வரைக்கும் வரும்" என்றாள். வடிவு கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவள் முதன்முதலில் அழுதது அந்த பஸ்ஸில்தான். அவள் அழுதது குழந்தைக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அப்போது குருநாதனை நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் ரிப்பனும் வளையலும் கொடுத்துவிட்டு, அதே கையில் பிரேக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, பசிக்கிறது வடிவு, சோறு போடு என்று கேட்ட மனிதர்.

அதன்பிறகு அவள் ஒரு வருஷமும் தவறவில்லை. முதல் ஒன்றிரண்டு வருஷம் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தாள். கடைக்குப் போய்ப் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். அடுத்த வருஷம் சொல்லலாம், அதற்கடுத்த வருஷம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். குருநாதனும் இப்படித்தான் தள்ளியிருப்பார் என்று அப்போது புரிந்தது. கதவு இப்போது திறந்தே கிடக்கிறது, முனிரத்தினம் உள்ளே படுத்துக்கொள்கிறான், குழந்தைதான் வாசற்படியை விட்டு அசையமாட்டேன் என்கிறது, சந்தைக்குப் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று அவன் சொன்னான்.

ஆனால் குழந்தைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கரையேறும்போதே முனிரத்தினத்தின் கழுத்தை விட்டு இறங்கி, ஈரக் காலோடு புல்லில் ஓடி வரும். அவளுக்கு அது வைத்திருந்த முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட அதற்குப் பொறுமை கிடையாது, ஓட்டத்தில் பாதி காற்றில் போய்விடும். பூங்காவின் இந்தக் கோடியில், நாலாவது பெஞ்சில், கண் மங்கிப்போன செண்பகவடிவு கையை விரித்துக்கொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, 'பக்கத்து வீட்டம்மா' என்ற அந்தக் கூப்பாட்டின் கடைசி இரண்டெழுத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.